முடிந்த வழக்கை மூடி வைக்க ஒரு சட்டம் வேண்டும்

நீதிமன்றம் தண்டனை விதிக்கும்போது அதற்கு ஓர் அளவு சொல்கிறது. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். ஐநூறு ரூபாய் என்றால் ஐநூறு ரூபாய். அந்த அளவைத் தாண்டி ஒருவனை ஒரு நாள்கூட உள்ளே வைக்க ஜெயில் அதிகாரிக்கு உரிமையில்லை. ஒரு ரூபாய் கூடுதலாக வாங்க நீதிமன்றக் குமாஸ்தாவுக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தை முடித்து வெளியே வந்தவனை, அந்த ஐநூறு ரூபாயைக் கட்டி ரசீது வாங்கியவனை, அதற்குப் பிறகும் இருபது முப்பது ஆண்டுகள் துரத்துகிற தண்டனை ஒன்று உண்டு. அதை எந்த நீதிபதியும் எழுதவில்லை. அதற்கு அளவு இல்லை, அப்பீல் இல்லை, விடுதலைத் தேதியும் இல்லை. பழைய வழக்கின் பதிவேடுதான் அந்தத் தண்டனை.

தண்டனையை அனுபவித்து முடித்து, அதன்பின் பல ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்து காட்டிய ஒருவருடைய பதிவேட்டை, பொதுமக்களின் கண்ணிலிருந்தும் வேலை கொடுப்பவரின் கண்ணிலிருந்தும் மூடி வைக்க நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. அப்படி ஒரு சட்டம் வேண்டும். அது மனுப் போட்டால் கிடைக்கும் சட்டமாக இருந்தால் போதாது, காலம் வந்ததும் தானே நடக்கும் சட்டமாக இருக்க வேண்டும். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம்தான் இதை முன்னால் நின்று கேட்க வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

ஏடு எங்கே இருக்கிறது?

முன்பெல்லாம் ஒருவருடைய பழைய வழக்கைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அது எந்தத் தாலுகா, எந்தக் கோர்ட், எந்த வருஷம் என்று தெரிந்திருக்க வேண்டும். கோர்ட்டின் பழைய கட்டு அறையில் துணி சுற்றி வைத்திருக்கும் கட்டுக்குள் அது கிடக்கும். நகல் மனுப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, நாலு நாள் அலைந்தால் கைக்கு வரும். வேலை கொடுக்கும் முதலாளியோ வீடு கொடுக்கும் சொந்தக்காரரோ அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். சட்டம் காட்டாத இரக்கத்தை அந்தத் தூசியும் தூரமும் காட்டின.

இன்று அந்தத் தூசி தட்டப்பட்டுவிட்டது. காவல் நிலையங்களைக் கணிப்பொறியால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2009இல் ஒப்புதல் தந்தது. கீழ்க் கோர்ட்டுகளின் வழக்குகள் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஏற்றப்பட்டுள்ளன. மாவட்டத்தைக் காட்டி, கோர்ட்டைக் காட்டி, கட்சிக்காரர் பெயரையும் வருஷத்தையும் தட்டினால் போதும். காசு வேண்டாம், வக்கீல் வேண்டாம். 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு உத்தரவும் போட்டது. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் வெளியிட வேண்டும், பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகள் மட்டும் விலக்கு என்பது அந்த உத்தரவு. நல்ல எண்ணத்தோடு போட்ட உத்தரவுதான். பிடித்துக்கொண்டு போன பிள்ளை மேல் என்ன வழக்கு என்று தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் தவிக்கும் தாய்க்கு அது உதவுகிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கு பிறகு பொய் வழக்கு என்று தள்ளுபடியானாலோ, ராஜியானாலோ, ஏற்றியதை எடுக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு? அதைப் பற்றி அந்த உத்தரவில் பேச்சில்லை.

இதில் தமிழனுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். எஸ். முருகன், கே. செல்வம் என்று ஒரே மாவட்டத்தில் எத்தனை பேர்! இங்கே வடக்கே வந்ததும் அந்த ஒற்றை எழுத்தை விரித்து எழுதச் சொல்கிறார்கள். ஒரு சர்டிபிகேட்டில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். பெயரைத் தட்டிப் பார்க்கிறவன் கண்ணுக்கு, யாரோ ஒரு செல்வத்தின் வழக்கு நம் செல்வத்தின் வழக்காகிவிடுகிறது.

இரண்டு ஊரில் வாழ்கிறவனுக்கு இரட்டைச் சுமை

சொந்த ஊரிலேயே இருக்கிறவனுக்குப் பழைய வழக்கு ஒரு சுமை என்றால் நமக்கு அது இரட்டைச் சுமை. அரசு வேலை கிடைத்தால் அட்டஸ்டேஷன் பாரம் என்று ஒன்றை நிரப்ப வேண்டும். எப்போதாவது கைது செய்யப்பட்டாயா, வழக்குத் தொடரப்பட்டதா, அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டிக்கப்பட்டாயா, ஏதாவது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று அதில் வரிசையாகக் கேள்விகள். ‘எப்போதாவது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பதினெட்டு வயதில் நடந்ததும் அதில் அடக்கம், ஐம்பது வயதில் நடந்ததும் அடக்கம். பாரம் நம் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே நம்மை அறிந்த ஏட்டையா மாற்றலாகி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். பதிவேட்டில் உள்ளதைப் பார்த்து ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். வழக்கு விடுதலையில் முடிந்தது என்ற வரி அந்தப் பதிவேட்டில் ஏறியிருந்தால் நம் அதிர்ஷ்டம்.

ஏறவில்லை என்றால் அதைச் சரிசெய்ய ஊருக்குப் போக வேண்டும். ரயில் கட்டணம், ஒரு வாரக் கூலி, வக்கீல் பீஸ், நகல் செலவு. தினக்கூலிக்காரன் எங்கே போவான்? கோவில் திருவிழாவில் இரண்டு தெருக்காரர்களுக்குள் கைகலப்பு, பதினாலு பேர் மேல் வழக்கு, இரண்டு வருஷத்தில் ராஜி என்று முடிந்துபோன கதை, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒருவனுடைய வாசலில் வந்து நிற்கிறது.

விடுதலையானால் போதும், கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் காவல் பணிக்கான விதிகளில், சந்தேகத்தின் பலனைத் தந்து விடுவிக்கப்பட்டவரையும், சாட்சி பிறழ்ந்ததால் விடுவிக்கப்பட்டவரையும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். கோர்ட் ‘போ’ என்று சொல்லிவிட்டது. விதி ‘நில்’ என்கிறது.

உச்ச நீதிமன்றம் சில தீர்ப்புகளில் இரக்கம் காட்டியிருக்கிறது. 2011இல் டில்லி போலீஸ் வேலைக்கு வந்த ஓர் இளைஞரின் வழக்கு. சிறுவயதில் ஏற்பட்ட அடிதடி வழக்கு ராஜியில் முடிந்ததை அவர் பாரத்தில் எழுதவில்லை. இளமையில் செய்யும் தவறுக்கு வாழ்நாள் முழுவதும் ஒருவன்மேல் முத்திரை குத்தலாமா என்ற கோணத்தில் அந்த வழக்கைப் பார்த்த நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ரொட்டி திருடியதற்காகக் காலமெல்லாம் துரத்தப்பட்ட ஜான் வல்ஜானின் கதையை எடுத்துக்காட்டினார். ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் வந்து, 1950இல் திரைப்படமும் ஆன அதே கதைதான். பிறகு 2016 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, சிறுவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளை மறைத்திருந்தாலும் அதிகாரிகள் மன்னிக்கலாம் என்றது. 2022 மே மாதம், ரயில்வே பாதுகாப்புப் படையில் பயிற்சியில் இருந்தபோது 2015இல் வேலை நீக்கப்பட்ட ஒருவரை மீண்டும் எடுக்க உத்தரவு வந்தது. அவர் மேல் இருந்த வழக்கில் அவர் முன்பே விடுதலையாகியிருந்தார்.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் கடைசியாகச் சொன்ன மனிதர் ஏழாண்டு படியேறினார். டில்லி வரை போய் வழக்காட முடிந்தவருக்குக் கிடைத்த நீதி அது. போக முடியாதவர்களின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இராது. தீர்ப்பிலும் ‘மன்னிக்கலாம்’ என்றுதான் இருக்கிறது. மன்னிப்பதும் மறுப்பதும் மேஜைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரியின் விருப்பம். நமக்கு வேண்டியது அதிகாரியின் மனநிலையை நம்பியிராத ஒரு சட்டம்.

அமெரிக்கக் கிராமம் சொல்லும் பாடம்

எப்படிப்பட்ட சட்டம் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவத்தைப் பார்ப்பது நல்லது. அங்கே அவர்கள் செய்த தவறும் நமக்குப் பாடம், அதைத் திருத்திக்கொண்ட விதமும் பாடம்.

மிச்சிகன் மாநிலத்தில் 83 கவுண்டிகள். நம்முடைய மாவட்டம் போன்ற பிரிவுகள் இவை. அதன் வடகோடியில் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவீனா என்ற கவுண்டி ஒரு காலத்தில் தாமிரச் சுரங்கங்களால் வாழ்ந்தது. சுரங்கம் போயிற்று, மக்களும் போனார்கள். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 2,046 பேர்தான். பெலனி எனப்படும் பெருங்குற்ற வழக்குகளின் ஏடுகளைக் கவுண்டி கிளார்க் அலுவலகம் வைத்திருக்கும். அந்த ஏடு பொது ஏடு. யாரும் போய்க் கேட்கலாம். அவ்வளவு தூரம் போகாதவர்களுக்கு மாநிலப் போலீசின் இணையதளம் இருக்கிறது. பத்து டாலர் கட்டி, பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் ஒருவருடைய தண்டனை விவரம் வந்துவிடும். முதலாளிக்குப் பத்து டாலரில் வேலை முடிந்தது.

மூட நினைப்பவன் கதை வேறு. அங்கே பழைய தண்டனையை நீக்கி ஏட்டை மூடும் சட்டம் 1965 முதலே இருக்கிறது. ஆனால் மனுப் போட வேண்டும். தண்டித்த கோர்ட்டிலிருந்து சான்றளித்த நகல் வாங்க வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். மாநிலப் போலீசுக்கு ஐம்பது டாலர் கட்ட வேண்டும். அரசு வக்கீலுக்கும் மாநிலத் தலைமை வக்கீலுக்கும் நகல் அனுப்ப வேண்டும். பிறகு நீதிபதி முன் விசாரணை. கீவீனாவில் தண்டனை பெற்றுப் பிழைப்புக்காக டெட்ராய்ட் நகரத்துக்குப் போனவனுக்கு அந்தக் கோர்ட் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தூரம். நம் நிலைமையைத்தான் சொல்வதுபோல் இல்லையா?

பலன் என்ன ஆயிற்று? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர்களாக இருந்த ஜே.ஜே. பிரெஸ்காட், சோன்யா ஸ்டார் இருவரும் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதிவேட்டை மூடச் சட்டப்படி தகுதி பெற்றவர்களில், தகுதி வந்த ஐந்தாண்டுக்குள் உண்மையில் மூடிக்கொண்டவர்கள் நூற்றுக்கு 6.5 பேர்தான். மற்றவர்களுக்கு ஏன் முடியவில்லை என்பதற்கு அவர்கள் கண்ட காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. சட்டம் இருப்பதே தெரியாது, வக்கீல் இல்லை, கட்டணம், வழிச்செலவு, இழந்த கூலி, கோர்ட் வாசலை மறுபடி மிதிக்கப் பயம். சட்டம் புத்தகத்தில் இருந்தது. அது அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தும் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் எட்டவில்லை.

அதே ஆய்வு இன்னொன்றும் கண்டது. மூடிக்கொண்டவர்களின் ஊதியம் ஓராண்டுக்குள் 20 சதவிகிதத்துக்கும் மேல் உயர்ந்தது. அவர்களில் ஐந்தாண்டுக்குள் மறுபடி தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. பதிவேட்டை மூடினால் குற்றம் பெருகிவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இதன் பிறகுதான் மாநிலங்கள் விழித்துக்கொண்டன. முதலில் வந்தது பென்சில்வேனியா. 2018இல் சட்டம் செய்து, 2019 ஜூன் முதல் தகுதியான பதிவுகளைக் கணிப்பொறியே கண்டெடுத்து மூடும்படி செய்தது. மனு வேண்டாம், கட்டணம் வேண்டாம். முதல் ஓராண்டில் மட்டும் 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் மூடப்பட்டன. 2023 டிசம்பரில் சில போதைப்பொருள் பெருங்குற்றங்களையும் அதில் சேர்த்தார்கள். மிச்சிகன் 2020 அக்டோபரில் சட்டம் செய்து 2023 ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிறு குற்றம் என்றால் ஏழாண்டு, பெருங்குற்றம் என்றால் இரண்டு வரை பத்தாண்டு. காலம் முடிந்ததும் ஏடு தானே மூடிக்கொள்ளும். வன்முறைக் குற்றங்களும், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க குற்றங்களும் இதில் சேரா. போலீசுக்கும் கோர்ட்டுக்கும் ஏடு இருக்கும். தெருவில் போகிறவருக்கும் முதலாளிக்கும் தெரியாது.

எந்தக் கணிப்பொறி ஏட்டை எளிதாகத் திறந்து காட்டியதோ, அதே கணிப்பொறியை வைத்து மூடவும் முடியும். செய்ய மனமிருந்தால் போதும் என்பதே அங்கிருந்து நமக்கு வரும் பாடம்.

நம் வீட்டிலேயே இருக்கும் வித்து

இது வெளிநாட்டுச் சரக்கு, நம் நாட்டுக்கு ஒத்து வராது என்று யாராவது சொல்லக்கூடும். நம் சட்டங்களிலேயே இதன் வித்து இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், தவறு செய்த சிறுவனுக்குப் பிற்காலத்தில் எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது, அப்பீல் காலம் முடிந்தபின் பதிவேட்டை அழிக்க வேண்டும் என்கிறது. பதினாறு வயதைக் கடந்து கொடுங்குற்றம் செய்து பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவனுக்கு மட்டும் விலக்கு. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், எச்சரிக்கையிலோ நன்னடத்தை ஜாமீனிலோ விடப்பட்டவருக்குத் தகுதிக் குறைவு கூடாது என்கிறது. ஆனால் தென்னக ரயில்வே பாயின்ட்ஸ்மேன் ஒருவரின் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தால் குற்றத் தீர்ப்பே அழிந்துவிடாது, இலாகா அதன் பேரில் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் சூழ்நிலையை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. வித்து இருக்கிறது, முளைக்க விடவில்லை.

மறுபுறம் 2022இல் வந்த குற்ற நடைமுறை அடையாளச் சட்டத்தைப் பாருங்கள். கைதானவரின் கைரேகை, கண் பாவை, புகைப்படம் எல்லாம் 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்கிறது. இதற்கு முன் தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழிக்க வேண்டும். அதுவும் மாஜிஸ்திரேட் வேறுவிதமாக உத்தரவிடாத வரைதான். இருபது வயதில் தண்டனை பெற்றவனுக்குத் தொண்ணூற்றைந்து வயது வரை ஏடு காத்திருக்கும். 2024 ஜூலை 1இல் பழைய குற்றச் சட்டங்கள் மூன்றையும் மாற்றினார்களே, அப்போதாவது முடிந்த தண்டனைக்கு ஒரு முடிவு எழுதினார்களா? இல்லை. நமக்குச் சட்டம் கற்றுக் கொடுத்த இங்கிலாந்து, குறிப்பிட்ட காலம் கழிந்த தண்டனையைக் கழிந்ததாகவே கருதும் சட்டத்தை 1974லேயே செய்துகொண்டது. நாம் அவர்களுடைய தண்டனையை வைத்துக்கொண்டோம், மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் செய்கிறவர்கள் தங்களுக்கு மட்டும் ஒரு முடிவு எழுதிக்கொண்டார்கள். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் எட்டாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறாண்டு கழிந்ததும் மறுபடி தேர்தலில் நிற்கலாம், எம்.பி. ஆகலாம், மந்திரி ஆகலாம். ஆனால் அந்த மந்திரியின் அறை வாசலில் உட்காரும் பியூன் வேலைக்கு, இருபது வருஷத்துக்கு முந்தைய அபராதத்தையும் சொல்லியாக வேண்டும். மந்திரிக்கு ஆறாண்டு போதுமென்றால், பியூனுக்கு எத்தனை ஆண்டு வேண்டும்? இதற்கு யாராவது பதில் சொல்லட்டும்.

ஏடு மூடப்படாவிட்டால் என்ன ஆகும் என்பது தமிழனுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தையையே ஏட்டில் ஏற்றிய சட்டம் அது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். நாடு விடுதலை பெற்று 1952இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் அந்தப் பார்வை ஒழிந்ததா? பின்தங்கிய சமூகத்தவரின் பெயர்களைச் சரித்திர ஏட்டில் யந்திரம்போல் ஏற்றக் கூடாது என்று 2024 மே மாதத்திலும் உச்ச நீதிமன்றம் போலீசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏட்டை மூட முடியும் என்பதற்கும் நம் ரயில்வேயிலேயே சான்று உண்டு. 1974 மே 8இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கைதானார்கள், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். 1977இல் ஆட்சி மாறியது. மது தண்டவதே ரயில்வே மந்திரியானதும் அவர்களை மீண்டும் வேலைக்கு எடுத்தார்கள். அரசு மனம் வைத்தால் பழைய பக்கத்தைப் புரட்டலாம் என்பது அன்றே தெரிந்தது. ஒரு தொழிலின் தொழிலாளர் சேர்ந்து கேட்டதால் அது நடந்தது. தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் கூலிக்காரனுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை.

எதிர்ப்புக்குப் பதில்

பொதுமக்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொலை, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் மேல் செய்த குற்றம் இவற்றை மூடச் சொல்லி நாம் கேட்கவில்லை. பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம் போன்ற இடங்களில் வேலைக்கு எடுக்கும்போது முழு விவரமும் பார்க்கட்டும். தேர்தல் வேட்பாளர் தம் வழக்குகளைச் சொல்லத்தான் வேண்டும். ஓட்டுக் கேட்கிறவருக்கு மறைக்கும் உரிமை கிடையாது. பாதிக்கப்பட்டவருக்குத் தன் வழக்கின் ஏட்டைப் பார்க்கும் உரிமை எப்போதும் இருக்கட்டும். போலீசிடமும் கோர்ட்டிடமும் ஏடு இருக்கத்தான் போகிறது.

தீர்ப்புகள் பொதுச் சொத்து, அவற்றை மறைத்தால் நீதி இருட்டில் நடக்கும் என்றும் சொல்வார்கள். தீர்ப்பு இருக்கட்டும், சட்டக் காரணங்கள் இருக்கட்டும். மனிதனின் பெயரை மட்டும் எடுங்கள் என்கிறோம். இதுவே வழக்காகவும் வந்தது. விடுதலையான ஒருவர் தீர்ப்பில் உள்ள தம் பெயரை மறைக்கக் கேட்டபோது, 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இதற்குச் சட்டம் வேண்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. சட்டம் இல்லாத இடத்தில் நீதிபதிக்கு நீதிபதி கருத்து மாறுகிறது. குற்றமற்றவர் என்று கோர்ட்டே சொன்னவருக்கு இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

நாம் கேட்பது

ஒன்று: விடுதலை, தள்ளுபடி, ராஜி என்று முடிந்த வழக்குகளில், அப்பீல் காலம் கழிந்ததும் பெயர் பொதுத் தேடலிலிருந்து தானே நீங்க வேண்டும். காவல் நிலையப் பதிவேட்டிலும் முடிவு ஏற வேண்டும்.

இரண்டு: அபராதத்தோடு முடிந்த சிறு வழக்குகள் மூன்றாண்டிலும், மூன்றாண்டுக்கு உட்பட்ட சிறைத் தண்டனை வழக்குகள் விடுதலையான ஏழாண்டிலும், இடையில் புதுத் தண்டனை இல்லையென்றால், மனுவும் கட்டணமும் இல்லாமல் மூடப்பட வேண்டும்.

மூன்று: மூடப்பட்ட வழக்கைப் பற்றி எந்தப் பாரத்திலும் கேட்கக் கூடாது. கேட்டால் ‘இல்லை’ என்று எழுதுவது மறைத்தல் ஆகாது என்று சட்டமே சொல்ல வேண்டும்.

நான்கு: மூடிய விவரத்தை வைத்துக்கொண்டு விற்கும் தனியார் விசாரணைக் கம்பெனிகளுக்குத் தண்டனை வேண்டும். அமெரிக்காவில் கோர்ட் ஏடு மூடியபின்னும் அவர்களுடைய பழைய நகல் திரிகிறது. அந்தத் தொல்லையை நாம் முன்கூட்டியே தடுக்க வேண்டும்.

ஐந்து: பதிவில் தவறு இருந்தால் திருத்த ஊருக்குப் போக வேண்டியதில்லை, இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனுக் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. நம் தோழர்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளம் தாண்டியது, ரயிலில் பொருள் விற்றது, குடித்துவிட்டுச் சத்தம் போட்டது போன்ற சிறு வழக்குகளில், ‘ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்’ என்று சொல்வார்கள். ஒத்துக்கொண்டால் அது குற்றத் தீர்ப்பு. ஒரு மணி நேரத்தில் முடிவதாகச் சொன்னது ஆயுள் முழுவதும் பாரத்தில் எழுத வேண்டியதாகிவிடும். எனவே முதலில் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். கட்ட முடியாதவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டிலும் இலவசச் சட்ட உதவி உண்டு. ராஜியாகக்கூடிய வழக்கானால் கோர்ட் மூலமே ராஜி செய்யுங்கள். சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். தண்டனை தவிர்க்க முடியாததானால் நன்னடத்தைச் சட்டத்தில் விடும்படி கேட்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது பிரிவின் பாதுகாப்பைத் தீர்ப்பிலேயே குறிப்பிடக் கேட்கச் சொல்லுங்கள்.

பழைய வழக்கு ஏதாவது இருந்தால் இப்போதே இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தீர்ப்பின் சான்றளித்த நகல் இரண்டு வாங்கி ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். பாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, தீர்ப்பின் நகலை இணையுங்கள். பலர் வேலையிழப்பது வழக்கு இருந்ததால் அல்ல, மறைத்ததால். 2016 தீர்ப்பின்படி அற்ப வழக்கை மன்னிக்க அதிகாரிக்கு இடமுண்டு என்பதையும் மனுவில் எழுதலாம்.

2022 டிசம்பர் இறுதிக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பே எழுதப்படாதவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் நாளை விடுதலையாகி, வேலை தேடி, நம்மைப் போலவே ரயிலேறி ஏதோ ஒரு நகரத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு முன்னே அவர்களுடைய ஏடு வந்து சேர்ந்திருக்கும்.

ஆகையால் நண்பர்களே, நம் சங்கம் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, இந்தத் தொகுதியின் எம்.பி.க்கும் நம் சொந்த ஊர் எம்.பி.க்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிற நகரங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்களும், பீகார், ஒடிசா என்று நம்மைப்போல் ஊர்விட்டு வந்த மற்ற மொழிக்காரர்களின் சங்கங்களும் நம்மோடு சேர வேண்டும். இதில் மொழி பார்க்க ஒன்றுமில்லை. தங்கள் காகிதங்களோடு வருகிற உறுப்பினர்களுக்குப் பாரம் நிரப்பவும் நகல் மனு எழுதவும் நம்மில் படித்த பிள்ளைகள் வாரம் ஒரு மாலை ஒதுக்க வேண்டும். வருகிறவரிடம் ‘என்ன செய்தாய்’ என்று கேட்காதீர்கள். அதை ஒரு கோர்ட் முன்பே கேட்டு, பதிலும் எழுதிவிட்டது.